தங்கலை என்றால் என்ன

அக்காவின் முதல் பிள்ளை பிறந்த அன்றே போய்விட்டது. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானத்தில் ஓட்டை. குடல் மேலே ஏறிக்கொண்டதால் நுரையீரல் வளர இடமில்லை. அவள் மறுபடி உண்டானபோது பாளையங்கோட்டை டாக்டரம்மா கேட்டார், குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று. பெரும்பாலும் ஒரு பிள்ளையோடு நின்றுவிடும், சில குடும்பங்களில்தான் திரும்ப வரும் என்றார். அப்படி யாருமில்லை என்று அம்மா யோசிக்காமல் சொல்லிவிட்டாள்.

டவுண் பஸ் ஆற்றுப்பாலம் ஏறும்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது, பெரியம்மாவுக்கு முதல் ரெண்டும் தங்கலை. அங்கேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். பேர் வைக்குமுன்னே போனதையெல்லாம் யாரு கணக்குல சேப்பா என்றாள்.

நான் விலங்கியல் படித்தவன். எனக்கு, வெட்கமில்லாமல் சொன்னால், உற்சாகம். ஞாயிற்றுக்கிழமையே பெரியம்மா வீட்டில் போய் நின்றேன். பிள்ளை நீலம் பாரித்ததா, அழுததா, வயிறு ஒட்டிக் கிடந்ததா என்று அடுக்கினேன். தங்கலை என்றாள். எதனால் என்றேன். தங்கலை, அவ்வளவுதான். நான் விடவில்லை. காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"என்னைய எங்கலே பாக்க விட்டாவ? துணியில சுத்தித் தூக்கிட்டுப் போயிட்டாவ."

அவளிடம் கேட்பதை அதோடு நிறுத்திக்கொண்டேன். அம்பாசமுத்திரத்துச் சித்திக்கும் அத்தைக்கும் போன் போட்டேன். அவர்கள் வகையிலும் தங்காத பிள்ளைகள் உண்டு. காய்ச்சலுக்கும் அதே சொல், மஞ்சள்காமாலைக்கும் அதே சொல், ஒன்றுமே தெரியாததற்கும் அதே சொல்.

"என்னலே, துப்பு துலங்கிச்சா?" என்று அக்கா சிரித்தாள். எல்லாத்துக்கும் தங்கலைன்னுதான் சொல்லுதாவ என்றேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, "எனக்கு உண்டு, இல்லைன்னு ஏதாவது ஒண்ணு தெரிஞ்சாப் போதும்லே" என்றாள்.

ஐந்தாம் மாத ஸ்கேனுக்கு நானும் போனேன். குடும்பத்தில் விசாரித்தீர்களா என்று டாக்டரம்மா திரும்பவும் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள், படித்தவன் நான்தானே.

"பெரியம்மாவுக்கு ரெண்டு பிள்ளை தங்கலை டாக்டர்."

"எதனால?"

எவ்வளவோ படித்துவைத்திருந்தேன். ஒன்றும் உதவவில்லை. "தங்கலை" என்று மறுபடியும் சொன்னேன். அக்கா அதற்குள் கட்டிலில் ஏறிப் படுத்து, முகத்தை ஸ்கேன் திரையின் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள்.