பாலுக்குப் பக்கத்தில் வைக்காத மருந்து

இரண்டு வருடங்களுக்கு முந்தைய சித்திரை. கல்கத்தாவில், காளிகாட் பக்கம் எங்கள் வீடு. நம் வருஷப்பிறப்பை ஒட்டியே வங்காளிகளின் புத்தாண்டான பொய்லா பொய்ஷாக்கும் வரும். அன்று கோயில் வரிசையில் என் மனைவி வெகுநேரம் வெறுங்காலோடு நின்றாள். பல வருடச் சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவள். தரை கொதித்தது அவளுக்குத் தெரியவே இல்லை. வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் கட்டைவிரலுக்கு அடியில் கொப்புளத்தைப் பார்த்தோம்.

அது உடைந்து புண்ணாயிற்று. ஆறவில்லை. அலிப்பூரில் ஒரு டாக்டரிடம் போனோம். இளைஞர், பொறுமைசாலி. காயம் பட்டால் உடம்பே சில புரதங்களைச் சுரந்து, சுற்றியுள்ள செல்களுக்குச் சேதி அனுப்புமாம்: வாருங்கள், பெருகுங்கள், இந்த இடத்தை மூடுங்கள் என்று. சர்க்கரைக்காரர்களுக்கு அந்தச் சேதி சரியாகப் போய்ச் சேர்வதில்லை. அதனால் அதே புரதத்தை வெளியில் தயாரித்துக் களிம்பாகக் கொடுக்கிறார்கள். க்ரோத் ஃபேக்டர் என்றார். விரல் தப்ப வேண்டுமானால் புண் சீக்கிரம் மூட வேண்டும் என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் டியூபை ஃப்ரிட்ஜில் வைக்கப் போனாள்.

"அங்கே எதுக்கு?"

"ஏன்னா, ஃப்ரிட்ஜுல வைக்கணும்னு அட்டையிலேயே போட்டிருக்கே."

"எல்லாத்துலயும்தான் போட்டிருப்பான். சுவாமிக்கு நைவேத்தியம் பண்ற பால் இருக்கற இடத்துல, சீழ் தொட்ட கையால எடுக்கற டியூபா?"

டியூப் படுக்கையறை ஜன்னல் விளிம்புக்குப் போயிற்று. மேற்கு வெயில் விழும் ஜன்னல் அது.

நான் வேதியியலில் எம்.எஸ்ஸி. அரசுப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சூடு பட்டால் புரதம் என்னவாகும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்தப் படிப்பெல்லாம் ஆபீசோடு சரி. வீட்டுக்குள் வேறு சட்டம்.

தினமும் நானே கட்டுப் பிரித்து மருந்து போட்டேன், சிரத்தையாக. இப்போது அதைச் சொல்லிக்கொள்ளவும் அலுப்பாக இருக்கிறது. புண்ணின் ஓரம் வெளுத்தது; பிறகு கறுத்தது.

மறுபடி போனபோது, வங்காளி வழக்கப்படி எங்களைச் சித்தி, சித்தப்பா என்றே கூப்பிடும் டாக்டர் டியூபைக் கையில் வாங்கினார்.

"மாஷிமா, இது கதகதன்னு இருக்கே. எங்கே வைக்கிறீங்க?"

நான் வாய் திறப்பதற்குள், அல்லது திறக்காமலே இருந்ததால், அவள் முந்திக்கொண்டாள். "நான்தான் வெளியே வெச்சுடறேன், டாக்டர் பாபு. ஞாபகமே இருக்கறதில்லை." வங்காள மொழியில், என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

"வேகவெச்ச முட்டையை அடைகாத்தா குஞ்சு பொரிக்குமா, மாஷிமா?" என்று சிரித்தார். பிறகு என்னிடம், "நீங்களாவது பார்த்துக்கக் கூடாதா, மேஷோமோஷாய்?"

நான் தலையாட்டினேன்.

அதற்குள் சீழ் எலும்பைத் தொட்டிருந்தது. கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள். மருந்து கெடாமல் இருந்திருந்தாலும் விரல் பிழைத்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாதாம். அந்தச் சந்தேகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள நான் எவ்வளவோ பார்த்தேன். முடியவில்லை.

அறுத்த இடம் ஆறவும் அதே களிம்புதான், புது டியூப். இந்த முறை நானே ஃப்ரிட்ஜைத் திறந்து பால் பாத்திரத்துக்கும் தோசை மாவுக்கும் நடுவில் வைத்தேன். கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சுவாமி கோச்சுக்க மாட்டாரா?"

நான் கதவை மூடினேன்.

"மாவையாவது கொஞ்சம் தள்ளி வையுங்கோ. தோசை நீங்கதானே சாப்பிடப்போறேள்."

மெல்ல மெல்ல ஓரத்திலிருந்து ரோஜா நிறத்தில் புதுத்தோல் ஏறி வந்து மூடியது. இப்போது நடக்கிறாள், ஒரு பக்கம் சற்றே சாய்ந்து. பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் டாக்டர் அந்த முட்டையைச் சொல்லி அவளைச் சீண்டுவார், அவளும் சிரிப்பாள். நான் ரிப்போர்ட் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

இதை நான் தமிழில் எழுதுகிறேன். அந்த டாக்டருக்குத் தமிழ் தெரியாது என்பது எனக்குத் தெரியும். அவள் கால் ஆறிவிட்டது. அடுத்த முறை முட்டைப் பேச்சு வரும்போது அந்த அறையில் வங்காள மொழியில் நான் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம் மட்டும் இன்னும் பாக்கி இருக்கிறது.