எதிர்பெஞ்சு

செம்பூர் ஃப்ளாட்டில் மகள் எட்டாம் வாய்ப்பாட்டை இங்கிலீஷில் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். தாராவியில் இன்று இல்லாத எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் பலகைத் தடுப்பு எனக்கு நினைவுக்கு வந்தது.

தடுப்புக்கு அந்தப் பக்கம் மராத்தி வகுப்பு. இந்தப் பக்கம் எங்கள் பெஞ்சு "ஈரெட்டு?" என்று இழுத்துக் கேட்க, எதிர்பெஞ்சு "பதினாறு" என்று கத்தும், மழைக்காலத்தில் தகரக் கூரையின் இரைச்சலோடு அந்த ராகம் போட்டிபோடும். ஒவ்வொருவராக இங்கிலீஷ் மீடியத்துக்குப் போக, எங்கள் பெஞ்சில் நானும் எதிர்பெஞ்சில் ஜன்னத்தும் மட்டும் மிஞ்சினோம். அவளும் நெருளுக்குக் குடிபோன மறுநாள், "நீ பாட்டுக்குச் சொல்லு தாயி, நிப்பாட்டாத" என்றார் டீச்சர்.

"ஈரெட்டு?" என்றேன். பழக்கத்தில் நிறுத்திவிட்டேன். காலிப் பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தபோது தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஏதோ ஒரு பிள்ளை, "சோளா" என்றது. மராத்தியில் பதினாறு. தினமும் கேட்டுக் கேட்டு எங்கள் வாய்ப்பாடு அதற்கும் பாடமாகியிருந்தது. பள்ளியை மூடும்வரை, முகம் தெரியாத அந்தக் குரல்தான் என் எதிர்பெஞ்சு.

"ஈரெட்டு?" என்றேன் மகளிடம்.

"டிஸ்டர்ப் பண்ணாதம்மா, நாளைக்கு டெஸ்ட்டு." இயர்ஃபோனைச் செருகிக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுச் சுவரில் காதை வைத்துப் பார்த்தேன். டி.வி. ஓடிக்கொண்டிருந்தது.