கம்பம் மெட்டு ஏறும் ஜீப்பில் ஒன்பதாம் வகுப்பு அறிவியல்

கம்பம் பள்ளத்தாக்குக்கு வருகிறவர்கள் சுருளியில் குளிக்கவோ, திராட்சைத் தோட்டத்தில் நின்று படம் எடுக்கவோ, குச்சனூரில் எள் விளக்கு ஏற்றவோ வருவார்கள். நான் போனது ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள. நான் பேசுவதை யாராவது கேட்கிறார்களா என்பதுதான் அந்தச் சந்தேகம். இதற்காக மூன்று நாள் விடுப்பு எடுத்து பஸ் ஏறியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆனாலும் அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு நேரமும் செலவும் உதவும் என்பதால் எழுதி வைக்கிறேன்.

முதலில் காரணம். பதினோரு வருடம் வகுப்பில் நின்று அறிவியல் சொல்லிக்கொடுத்தேன். கடந்த நான்கு வருடமாக மதுரையில் ஒரு அறக்கட்டளைக்குப் பாட வீடியோ எடுக்கிறேன். வகுப்பைத் தலைகீழாகத் திருப்பும் முறை இது. பழைய முறையில் டீச்சர் வகுப்பில் பாடம் நடத்துவார், பிள்ளை வீட்டுக்குப் போய்க் கணக்கோடும் கேள்வியோடும் தனியாக மல்லுக்கட்டும். இதில் பிள்ளை பாடத்தை வீட்டிலேயே வீடியோவில் பார்த்துவிட்டு வர வேண்டும். வகுப்பு நேரம் முழுக்கக் கேள்வி கேட்க, செய்து பார்க்க, ஒருவருக்கொருவர் விளக்க. நல்ல முறைதான், நான் குறை சொல்ல மாட்டேன். முன்பு பிள்ளை தனியாகக் கிடந்தது, இப்போது வீடியோ டீச்சர் தனியாகக் கிடக்கிறாள். ஆறுக்கு எட்டு அடி அறை. சத்தம் பதிவாகும் என்று மின்விசிறியையும் நிறுத்திவிடுவார்கள். லென்ஸுக்குக் கீழே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பேச வேண்டும். வீட்டுக்குப் போனாலும் பேச ஆள் கிடையாது. அது வேறு கதை.

எந்தப் பள்ளியில் எத்தனை போனில் எப்போது வீடியோ திறக்கப்பட்டது என்று எங்கள் செயலி காட்டும். எல்லா ஊரிலும் இரவு ஏழிலிருந்து ஒன்பதுக்குள். சுருளிப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் மட்டும் அதிகாலை ஐந்தே முக்காலுக்கு. அதுவும் முப்பத்திரண்டு பேர் படிக்கும் வகுப்பில் ஆறே ஆறு போனில். நிறுத்தாமல், பின்னால் நகர்த்தாமல், ஒரே ஓட்டமாகக் கடைசிவரை ஓடும். "யாரும் கேக்கல. கணக்குக் காட்ட ஓட விட்டுட்டுப் பல் விளக்கப் போயிடறாங்க," என்றார் அலுவலக நண்பர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

ஆடிக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை கிளம்பினேன். மதுரை ஆரப்பாளையத்தில் காலை 11 மணிக்குக் கம்பம் பஸ். கட்டணம் 105 ரூபாய், தூரம் சுமார் 115 கிலோமீட்டர், போய்ச் சேர மூன்றேகால் மணி நேரம். உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போதே காற்று முகத்தில் அறையும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், என் துப்பட்டா எம்மாத்திரம். வலது பக்கம் உட்காருங்கள், தேனிக்கு அப்புறம் மலை அந்தப் பக்கம்தான் நெருங்கி வரும். சின்னமனூர், உத்தமபாளையம் என்று இரண்டு பக்கமும் வாழையும் தென்னையுமாக ஓடும். மூன்று மணி தூரத்தில் இருக்கும் ஊருக்கு நான்கு வருடமாகப் பாடம் அனுப்பியிருக்கிறேன், ஒரு தடவைகூட வந்து பார்க்கவில்லை.

கம்பத்தில் பேருந்து நிலையத்துக்கு எதிரே லாட்ஜ் 650 ரூபாய். வெந்நீர் காலை ஆறிலிருந்து எட்டு வரை மட்டும். இரவு சாப்பிடப் போன இடத்தில் "எத்தன பேரு?" என்று கேட்டார் பரிமாறுகிறவர். ஒருத்தர் என்றேன். சற்று நேரம் கழித்து இன்னொருவர் வந்து, "கூட வர்றவுகளுக்கு எல போடவா?" என்றார். வரவில்லை என்றேன். பரோட்டா நன்றாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை 8.40 டவுன் பஸ்ஸில் பள்ளிக்குப் போனேன். ஏழு கிலோமீட்டர், பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அறிவியல் ஆசிரியர் ஜெயந்தி வாசலுக்கே வந்து அழைத்துப் போனார். வகுப்பில் நுழைந்ததும் பின் பெஞ்சில் யாரோ மெதுவாக, "வீடியோ டீச்சர்," என்றார்கள். 

அன்று பாடம் சவ்வூடு பரவல், உப்புக் கூடிய பக்கம் தண்ணீர் இழுபடுவது. தண்ணீரில் போட்ட உலர்திராட்சை ஊறிப் பருக்கும், உப்புக் கரைசலில் போட்டால் சுருங்கும், உங்களுக்கு நினைவிருக்கலாம். ஜெயந்தி என்னைப் பேசச் சொன்னார். "சவ்வூடு பரவல்னா என்ன, யாரு சொல்றீங்க?" என்று ஆசையாகக் கேட்டேன். முப்பத்திரண்டு முகமும் என்னையே பார்த்தன. ஒன்றும் அசையவில்லை. ஐந்து விநாடி பொறுத்தேன். பிறகு பழக்க தோஷத்தில் நானே பதிலைச் சொல்லி முடித்துவிட்டேன்.

"கோவிச்சுக்காதீக டீச்சர்," என்று ஜெயந்தி சிரித்தார். "நீங்க கேட்டா பதிலும் நீங்களே சொல்லிருவீகன்னு அதுகளுக்குப் பழகிப்போச்சு."

ஒரு ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். அப்புறம்தான் வகுப்பு வகுப்பாக ஆனது. ஐந்தாறு பேராகப் பிரிந்து கிண்ணங்களைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுத்தார். ஜெயந்தி எதையும் நடத்தவே இல்லை, குழுக் குழுவாகப் போய்க் காது கொடுத்தார், அவ்வளவுதான். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. பாதி வேலை என்னுடையது, ஆனால் அந்த இரைச்சல் முழுக்க அவருடையது.

கனிஷ்கா என்ற பெண் எழுந்து ஜெயந்தியிடம் சொன்னாள்: "டீச்சர், ஏலச் செடிக்கு உரம் கூடிப்போச்சுன்னா வேரு தண்ணிய எடுக்காது. இருக்குற தண்ணியையும் மண்ணு உருவிரும். செடி கருகிரும்."

மிகச் சரியான பதில். ஆனால் அது என் வீடியோவில் இல்லை. இடைவேளையில் அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"உரத்தைப் பத்தி யாரும்மா சொன்னது?"

"எங்கம்மா சொன்னாக."

"அம்மாவுக்கு யாரு சொன்னா?"

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "நீங்கதான்."

அப்புறம் விளக்கினாள். வீட்டில் இருப்பது ஒரே போன். அது விடிகாலையில் அம்மாவோடு ஏலத் தோட்டத்துக்கு ஜீப்பில் மலையேறிவிடும். சாயங்காலம் திரும்பும்போது சார்ஜ் இருக்காது, அது ஏறி முடிப்பதற்குள் இவள் தூங்கிவிடுவாள். அதனால் அம்மா போகிற வழியில் ஜீப்பில் கேட்டுவிட்டு வந்து, இரவு சோறு வடிக்கும்போது மகளுக்குச் சொல்வாள். அந்த வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் இப்படித்தான், மீதிப் பேர் இவர்களிடம் கேட்டுக்கொள்வார்கள். ஜீப்புக்கு ஒரு போன் ஓடும்: ஆறு ஜீப், ஆறு போன்.

சனிக்கிழமை அந்த ஜீப்பில் ஏறினேன். வேலையாட்களை ஏற்றும் வண்டி, வெளியாட்களை ஏற்ற மாட்டார்கள். ஜெயந்தி சொல்லிவைத்ததால் ஓட்டுநர் செல்வம் முன் இருக்கையில் இடம் கொடுத்தார். கேரள எல்லைக் கணவாயான கம்பம் மெட்டுக்குச் சாலை பிரியும் இடத்தில் காலை 5.40. "மலை பாக்க ஒத்தையிலயா வந்தீக?" என்றார். ஆமாம் என்றேன். பின்னால் பதினாலு பெண்கள், தூக்குவாளிகளோடு முட்டிக்கு முட்டி இடித்து உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் நான் யாரென்று தெரியாது.

அடிவாரம் தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவில் பின்னாலிருந்து என் குரல் கேட்டது.

சொந்தக் குரலை இருட்டில், பதினாலு பேருக்கு நடுவிலிருந்து கேட்பது கூச்சமாக இருக்கிறது. தேவையில்லாமல் உற்சாகமாகப் பேசுகிறேன் என்று தோன்றியது. ஓடியது நேற்று வகுப்பில் நடந்த அதே பாடம், மறுபடி. ஆனால் அவர்கள் சும்மா கேட்கவில்லை. நான் ஒரு வரி சொன்னால் இரண்டு பேர் அதை ஆமோதித்தார்கள், ஒருத்தி மறுத்தாள். உப்பு போட்ட மாங்காய் தண்ணீர் விடுவது இதுதான் என்றாள் இன்னொருத்தி. பாடத்தின் நடுவே என் குரல், "புரிந்ததா?" என்றது.

"புரியல ஆத்தா," என்று மூன்று பேர் சேர்ந்து சொன்னார்கள்.

"நன்று. அடுத்ததற்குப் போவோம்," என்றது என் குரல். ஜீப்பே சிரித்தது.

"இது எப்பவும் இப்பிடித்தேன். கேக்கும், பதிலுக்கு நிக்காது," என்றாள் போனை வைத்திருந்தவள். கனிஷ்காவின் அம்மா பாண்டீஸ்வரி அவள்தான் என்று பிறகு தெரிந்தது.

"பாவம், ரூமுக்குள்ள ஒத்தையில பேசுது போல," என்றது ஒரு வயதான குரல்.

திரும்பிப் பார்த்து, "ஆமா. ஒத்தையிலதான்," என்றேன்.

குரலை வைத்தே கண்டுகொண்டார்கள். பாண்டீஸ்வரி போனை அணைத்தாள்.  பிறகு அவள் கொஞ்சம் முன்னால் சரிந்து, மூன்று நாளாக ஒன்று கேட்கணும் என்று இருந்ததாகச் சொன்னாள்.

"உப்புத் தண்ணியில போட்டா எல்லாம் சுருங்கிரும்னீக. அப்பக் கடல்ல கெடக்குற மீனு ஏன் சுருங்கல?"

நான்கு வருடத்தில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி. கண் கலங்கிவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது. இருக்கையில் முழுசாகத் திரும்பி உட்கார்ந்து சொல்லத் தொடங்கினேன். மீனின் உடம்பிலிருந்தும் தண்ணீர் போய்க்கொண்டேதான் இருக்கும், அதை ஈடுகட்ட அது கடல் தண்ணீரை ஓயாமல் குடித்துக்கொண்டே இருக்கும் என்றேன்.

"இது புரியல. கடத் தண்ணியக் குடிச்சா உப்பும்ல சேந்து உள்ள போகும்?" என்றாள்.

அந்தப் 'புரியல' காதுக்கு அவ்வளவு நன்றாக இருந்தது. வாயைத் திறந்தேன். அதற்குள் ஜீப் நின்றுவிட்டது. தோட்டத்து வாசலில் கங்காணி, நேரமாச்சு, வேகம் வா என்று மலையாளத்திலும் தமிழிலுமாகச் சத்தம் போட்டார். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பதினாலு பேரும் இறங்கினார்கள். பாண்டீஸ்வரி மட்டும் நின்று, "வாறேன் டீச்சர்," என்று சொல்லிவிட்டு ஓடினாள். இரண்டு நிமிடத்தில் ஏலச் செடிகளுக்குள் ஒருத்தர் தலையும் தெரியவில்லை. மணி 6.50. அவர்கள் வெளியே வர மாலை நான்காகும், எனக்கு மூன்று மணிக்குக் கம்பத்தில் பஸ். செல்வம் என்னைக் கம்பம் மெட்டில் இறக்கிவிட்டார். ஜீப்புக்கு நூறு ரூபாய். பஸ் வரும்வரை கடையில் இரண்டு டீ குடித்தேன், ஒன்றே போதுமானதாக இருந்தாலும்.

திங்கட்கிழமை, மீன் பற்றி இரண்டு நிமிடம் சேர்க்கட்டுமா என்று அலுவலகத்தில் கேட்டேன். பாடத்திட்டத்தில் இல்லை, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். ஜெயந்தியிடம் சொல்லி அனுப்பலாம்தான். போய்ச் சேர்ந்ததா என்று தெரியாத பதில்களை நான்கு வருடமாக அனுப்பிக்கொண்டிருக்கிறேன், இதையும் அப்படி அனுப்ப மனம் வரவில்லை.

போகிறவர்களுக்கு: கம்பம் மெட்டில் அதிகாலையில் நல்ல குளிர், ஸ்வெட்டர் வேண்டும். வளைவுகளில் தலைசுற்றும், வெறும் வயிற்றோடு ஏறுங்கள். மேலிருந்து கம்பத்துக்கு முதல் பஸ் எட்டரைக்கு, ஆனால் நம்ப வேண்டாம். பன்னீர் திராட்சையைத் தோட்டத்திலேயே வாங்கினால் கிலோ அறுபது ரூபாய். எனக்கு மார்கழி வரை விடுப்பு கிடையாது. அதற்குள் நீங்கள் யாராவது அந்த 5.40 ஜீப்பில் ஏறினால், போனில் பாடம் ஓட விடுகிற பாண்டீஸ்வரியைத் திரும்பிப் பார்த்துச் சொல்லுங்கள்: மீன் கடல் தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளிவிடும். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பாருங்கள். புரியவில்லை என்றால் கீழே ஒரு வரி எழுதுங்கள், விடுப்பு இல்லாவிட்டாலும் வருகிறேன்.