சித்தி வீட்டு விலாசம்

நாலாம் வகுப்பு படிக்கும்போதும் நான் படுக்கையில் ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அம்மா அடிக்க மாட்டாள். காலையில் வாயைத் திறக்காமல் போர்வையை உருவிக்கொண்டு போய் ஊறவைப்பாள். கீழ்க்கட்டளையில் அடுக்குமாடி வீடு. மொட்டை மாடியில் காயப்போட்டால் கேள்வி வரும் என்று மெத்தையை அறைக்குள்ளேயே ஃபேனுக்கு அடியில் சாய்த்து வைப்போம். வீடெல்லாம் அந்த வாடை. அதற்குப் பழகிவிட்டேன். அம்மாவின் மௌனத்துக்குத்தான் கடைசிவரை பழகவில்லை.

அம்மா பள்ளிக்கூட டீச்சர். எங்கள் பகுதி சுகாதார நிலையத்தில் வரிசையில் நின்றால், முன்னாலும் பின்னாலும் அவளிடம் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் நிற்பார்கள். தனியார் கிளினிக்கிலும் அதே கதை. அதனால் என்னைப் பஸ் ஏற்றி மாடம்பாக்கம் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே சீட்டு கொடுப்பவர், "இந்த ஏரியாவாம்மா? இல்லன்னா உங்க ஏரியாவுலயே காட்டுங்க" என்றார். அம்மா கொஞ்சமும் தடுமாறாமல், அதே பகுதியில் குடியிருந்த தன் தங்கையின் விலாசத்தைச் சொன்னாள். அது சித்தி வீட்டு விலாசம் என்று எனக்கு அப்போது தெரியாது. பொய் சொல்கிற பிள்ளைகளை முட்டி போட வைக்கும் டீச்சர் அவள்.

டாக்டரம்மா நல்ல மாதிரி. "இது வியாதி இல்லம்மா. சாயங்காலத்துக்கு மேல தண்ணி கொறைச்சுக் குடுங்க. தூங்கறதுக்கு முன்னாடி பாத்ரூம் அனுப்புங்க. கொழந்தைய மட்டும் திட்டிடாதீங்க" என்றவர், மறுபடியும் வந்து காட்டச் சொன்னார். அம்மா போகவில்லை. வினை அங்கேதான் வந்தது. நாங்கள் வராததைப் பார்த்து, அக்கறையோடு நர்ஸை அந்த விலாசத்துக்கே அனுப்பிவிட்டார்.

சித்தி போனில் சொன்னது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. "பெட்ல யூரின் போற பொண்ணு வூடு இதானேன்னு நர்ஸு வாசல்ல நின்னு சத்தமா கேக்கறாங்கக்கா. தெருவே வேடிக்கை பாக்குது. ஆமா, இந்த வீடுதான்னு சொல்லிட்டேன். வேற என்னத்தச் சொல்ல?" அம்மா ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். சித்தி மகள் என்னைவிடச் சில மாதம்தான் மூத்தவள். அவளுக்கும் இதே கோளாறு, அவளும் என்னைப் போலவே மறைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே போனோம். தெருவில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்க, அவள் மட்டும் ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. ஸ்கூல் வேனில் அவளுக்கு என்ன பட்டப்பெயர் வைத்திருந்தார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. பெரிய மனுஷி மாதிரி பக்கத்தில் போய், "சாயங்காலத்துக்கு மேல தண்ணி குடிக்காத. சரியாப் போயிடும்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சித்தி சட்டென்று அவளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டு, "விடுடி, தங்கச்சிதானே" என்றாள். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அந்த அக்காமேல் பொறாமை பொத்துக்கொண்டு வந்தது. தெருவுக்கே தெரிந்த பிறகும் அவளை அவள் அம்மா மடியில் வைத்துக்கொண்டாளே!