வாலை விழுங்கிய பாம்பு

அன்று நடந்தது இவ்வளவுதான்:

1. வெளிநாட்டில் ஆராய்ச்சி மாணவராக இருந்த சித்தப்பா, விடுமுறைக்குத் திருக்காட்டுப்பள்ளி வந்திருந்தார்.
2. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்கப் பத்து மணிக்கு வருவதாக இருந்தது.
3. அம்மா அடுப்படியில் இருந்ததால், வாசல் கோலம் ஒன்பது வயதான என் பொறுப்பாயிற்று.
4. சித்தப்பாவின் நோட்டில் பார்த்த படத்தைப் போட்டேன்.

தன் வாலைத் தானே விழுங்கும் பாம்பு. அதற்குள் முகம் வைத்த சூரியனும் சந்திரனும். ஈயத்தைத் தங்கமாக்க முயன்ற ஐரோப்பிய ரசவாதிகள் வரைந்ததாம். ஆக்கினார்களா என்று சித்தப்பாவிடம் கேட்டிருந்தேன்.

"அது என் கேள்வி இல்லம்மா. ஏன் நம்புனாங்க, அதை ஏன் படத்துக்குள்ள ஒளிச்சு வச்சாங்க, அதுதான் என் படிப்பு."

இந்தப் படிப்பைப் பெண் வீட்டாரிடம் 'ஹிஸ்டரி' என்று மட்டும் சொல்ல வேண்டும் என்பது அப்பாவின் உத்தரவு.

பெண்ணின் அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். "என்னங்க இது, மாந்திரீகச் சக்கரம் மாதிரி இருக்கு?"

"சின்னப் புள்ள கிறுக்குனது, உள்ள வாங்க" என்று அப்பா காலால் அழிக்கப் போனார்.

"இருங்கண்ணே" என்றார் சித்தப்பா. "அது என் நோட்டுல உள்ள படம்ங்க."

பிறகு ரசவாதம், ஜோசியம், ரகசியச் சங்கங்கள் என்று எல்லாவற்றையும் சொன்னார். தான் எதையும் செய்வதில்லை, ஆராய்வதோடு சரி என்றார். பெண்ணின் அப்பா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"இவ்வளவு படிச்சவரு, ஒரு நாளாச்சும் செஞ்சு பாக்காமயா இருப்பீங்க?"

கேசரி மொத்தமும் மீந்தது. "ஒரு தாமரை போடத் தெரியாதாடி உனக்கு?" என்று அம்மா என் காதைத் திருகினார். சித்தப்பாவின் கல்யாணத்தைக் கெடுத்தவள் நான்தான் என்று பல வருடம் நம்பினேன். அன்று சித்தப்பா என்னிடம் கேட்டது வேறு.

"நோட்டுல புள்ளியே இல்லையே, நீ ஏன் வச்சே?"

புள்ளி வைக்காமல் எப்படிக் கோலம் போடுவது என்றேன். பரிசு கிடைத்தவர்போல அதை எழுதிக்கொண்டார்.

சென்ற மாதம் அவர் அனுப்பிய பழைய புகைப்படங்களை நேரவாரியாக அடுக்கினேன். மென்பொருள் வேலை தந்த பழக்கம். அவர் எடுத்த அந்தக் கோலப் படமும் இருந்தது. எடுத்த நேரம் காலை ஆறு ஐம்பது. கேமராவின் கடிகாரம் சரிதானா என்று வேறு படங்களோடு ஒப்பிட்டேன். சரிதான்.

பெண் வீட்டார் வர மூன்று மணி நேரத்துக்கு மேல் இருந்திருக்கிறது. அழிக்க ஒரு வாளித் தண்ணீர் போதும்.

சித்தப்பா இப்போது வெளிநாட்டிலேயே பேராசிரியர். திருமணம் செய்துகொள்ளவில்லை. என் புள்ளிகளை வகுப்பில் காட்டுகிறார். அந்த ஆறு ஐம்பதைப் பற்றி நான் இன்னும் அவரிடம் கேட்கவில்லை.