பல்துலக்கியோடு கடலில் இறங்கியவர்

பிலோமினா இறந்துவிட்டார் என்ற குறுஞ்செய்தி வந்தபோது நான் தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தின் மின்படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தேன். புனித வாரத்தின் புதன்கிழமை மாலை. அனுப்பியவர் அவருடைய கணவர் செபாஸ்டின். மேலே ஏறியதும் என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடியும் கீழே இறங்கினேன், மறுபடியும் ஏறினேன். வெளியே வந்தால் அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவே முழுநிலா. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இன்னும் நாலு நாள் பொறுத்திருக்கக் கூடாதா இந்த மனுஷி?

அது என்ன நாலு நாள் என்று எங்கள் முக்குளிப்புக் குழுவினருக்குத் தெரியும். அவரைப் பங்குக் கோயிலில் மட்டும் அறிந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நம் தெற்குத் தீவுகளைச் சுற்றி வளரும் பவளங்களில் பல, ஆண்டுக்கு ஒருமுறை, மார்ச் ஏப்ரல் வாக்கில், முழுநிலா கழிந்த சில நாள்களில் இருட்டியதும் முட்டை விடும். ஈஸ்டரும் அதே நிலாவைப் பார்த்துத்தான் வருகிறது. பாடகர் குழுவில் இருந்த பிலோமினாவுக்கு ஆண்டுதோறும் இது பெரிய இழுபறி. ஒருமுறை ஈஸ்டர் இரவுப் பூசைக்கு வராமல் படகேறிவிட்டார். பங்குத்தந்தை காரணம் கேட்டபோது, "ஃபாதர், அது எனக்காக வெயிட் பண்ணாது. நீங்க பண்ணுவீங்க" என்றாராம்.

குவீன்ஸ்டவுனில் குடியிருந்தார். பல் மருந்தகத்தில் தாதி வேலை. நம் கடலில் உடைந்து கிடக்கும் பவளத் துண்டுகளைப் பொறுக்கி, நீருக்கடியில் சட்டங்களில் பொருத்தி, தேறியதும் பாறையில் நடுவது எங்கள் குழுவின் பணி. கவனிக்காமல் விட்டால் சட்டத்தில் பாசி படர்ந்து பவளத்தை மூடிவிடும். அதைத் தேய்த்து எடுக்கப் பழைய பல்துலக்கிகள் வேண்டும். ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் துணிப்பையோடு நின்று அவற்றை வாங்குவார். யாரோ பெரிய மனது பண்ணிப் புதுப் பெட்டியையே நீட்டினார்கள். "புதுசு வேண்டாம் லா, நாரு முரடா இருக்கும். ஒரு மாசம் பல்லு தேய்ச்சுட்டுக் குடுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நான் முதன்முதலில் இறங்கிய அன்று, சட்டத்தை விட்டுவிட்டுப் பவளத்தையே தேய்க்கப் போனேன். பழுப்பாக இருந்தது, அழுக்கு என்று நினைத்தேன். நீருக்கடியில் பட்டென்று என் கையில் ஓர் அடி விழுந்தது. படகில் ஏறியதும் பிலோமினா, "சிவா, அந்தப் பழுப்புதான் அதுக்குச் சாப்பாடு போடுது. அது போயிடுச்சுன்னா வெளுத்துடும்" என்றார். கரை சேர்ந்ததும் தேக்காவில் தோசை சாப்பிடப் போனோம். எங்கள் ஈரத் தலையைப் பார்த்துவிட்டு, வெளியே மழையா என்று கேட்டார் கடைக்காரர். "இல்லண்ணே, கடலு" என்றார் பிலோமினா. அவர் எங்கேயும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை, அந்தத் தோசையையும் நின்றுகொண்டேதான் சாப்பிட்டார். உட்கார்ந்தால் தூக்கம் வந்துவிடுமாம்.

பிறகு கடல் சூடேறிய ஆண்டு வந்தது. சட்டங்களில் இருந்த துண்டுகள் ஒவ்வொன்றாய் வெளுத்தன. வெளுத்ததைக் கழற்றிவிட்டு, கடல் ஆறியதும் வேறு துண்டுகளைப் பொருத்தலாம் என்று குழுவில் பலர் சொன்னார்கள். பிலோமினா எகிறிவிட்டார். "வெள்ளையா இருந்தா செத்ததுன்னு யார் சொன்னா? பேஷண்ட் மயக்கமா கிடந்தா, தூக்கி வெளிய போட்டுட்டு நெக்ஸ்ட்னு கூப்பிடுவேனா?" வாராவாரம் போய்ப் பார்த்தார். பெரும்பாலானவை செத்துத்தான் போயின, அதை மறைக்கக் கூடாது. ஓரத்தில் இருந்த, மடிப்பு மடிப்பான ஒன்று மட்டும் மெல்லப் பழுப்பேறியது. அதைத் தன் கையாலேயே பாறையில் நட்டார். அது முட்டை விட்டால்தான் முழுதாய்ப் பிழைத்ததாக அர்த்தம் என்பது அவர் கணக்கு.

போன ஆண்டு காத்துக் கிடந்தோம், அது அசையவில்லை. "இன்னும் ரெடி இல்ல. அடுத்த வருஷம்" என்று சாதாரணமாகச் சொன்னார். சில மாதங்களிலேயே புற்றுநோய் என்று தெரிந்தது. கடலில் இறங்கக் கூடாது என்றார் மருத்துவர். மருத்துவமனைக் கட்டிலிலும் அவர் கால் சும்மா கிடக்காமல் ஆடிக்கொண்டேதான் இருந்தது. "நீங்க போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லணும் சிவா. கதை விடக் கூடாது. வரலைன்னா வரலைன்னு சொல்லுங்க" என்றார்.

பெரிய வியாழன் முதல் உயிர்ப்பு ஞாயிறு வரை அடக்கத் திருப்பலி கிடையாது. திங்கட்கிழமைதான் என்று ஆனதால், அவர் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். ஞாயிறு பிற்பகல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. எழுவதும் தண்ணீர் குடிப்பதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தேன். பெட்டியை விட்டுவிட்டுக் கடலுக்குப் போவது முறையா என்று மனம் அடித்துக்கொண்டது. செபாஸ்டின் அருகே வந்தார். "இங்க இருந்து என்ன பண்ணப் போறீங்க? போங்க லா. அவளா இருந்தா எப்பவோ போயிருப்பா."

இருட்டியதும் இறங்கினோம். சிவப்பு விளக்கைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அந்தப் பவளத்தின் எதிரே கிடந்தேன். அக்கம்பக்கத்துப் பவளங்களெல்லாம் விட்டு முடித்துவிட்டன. இது சும்மா இருந்தது. என்ன சொல்லப் போகிறேன் அவரிடம்? அப்போது ஒரு மடிப்பில் சின்னச் சின்ன முட்டை மணிகள் எட்டிப் பார்த்தன. பிறகு ஒவ்வொன்றாய்ப் பிரிந்து மேலே போயின. முகமூடிக்குள் அழுதால் துடைத்துக்கொள்ள முடியாது.

ஈரத் தலையோடு திரும்பிவந்து பெட்டியருகே நின்றேன். "பிலோ, விட்டுடுச்சு. நிறைய இல்ல, ஒரு கைப்பிடி இருக்கும். கதை விடல" என்றேன். கோயிலில் அவருக்குப் பழக்கமான பெண்மணி ஒருவர் தயங்கித் தயங்கி ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். "ஈஸ்டர் பூசைக்கு வர்றப்ப குடுக்கலாம்னு சேர்த்து வெச்சிருந்தேன் தம்பி. இனி யார்கிட்ட குடுக்கிறது?" என்றார். நான் கையை நீட்டினேன்.

பிலோமினாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பைதான், அதோடு உட்கார முடியாத இந்தக் கால்களும். வீட்டுக்கு வந்து பையைக் கொட்டிப் பார்த்தேன். பல்துலக்கிகள் எல்லாம் நன்றாகத் தேய்ந்தவை, ஒன்று மட்டும் உறைகூடப் பிரிக்காத புதுசு. அதைப் பிரித்து, பற்பசை வைத்து, பல் தேய்க்கத் தொடங்கினேன். ஒரு மாதம் ஆகும்.