பின்சீட்டில் பன்னிரண்டு வோல்ட்

எங்கள் மோட்டார் சைக்கிளில் என் இடம் பின்சீட்டு. இருபத்தாறு வருடமாக அதே இடம்தான். ஓட்டுவது என் வீட்டுக்காரர். வழி சொல்வது, மெதுவாகப் போகச் சொல்வது, போகாவிட்டால் தோளில் ஒரு தட்டுத் தட்டுவது எல்லாம் என் இலாகா. மகள் பிறந்த வருடம் வாங்கிய வண்டி. அவள் பெட்ரோல் டேங்கின் மேல் உட்கார்ந்து போனாள், பிறகு எங்களுக்கு நடுவில் நசுங்கிக்கொண்டு போனாள், பிறகு காலேஜ் பஸ்ஸில் போனாள். இப்போது ஐ.டி. கம்பெனியில் உட்கார்ந்துகொண்டு அந்த வண்டியைத் தலைமுழுகச் சொல்கிறாள்.

அவர் ரயில்வேயில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். ரயில் பெட்டிகளின் விளக்கும் ஃபேனும், பெட்டிக்கு அடியில் வரிசையாகத் தொங்கும் பேட்டரிகளும்தான் அவர் உலகம். திருச்சியிலிருந்து செகந்திராபாத்துக்கு மாற்றலாகி வந்தோம், பக்கத்தில் மௌலா அலியில் ஒரு சின்ன வீடு கட்டினோம், அப்படியே தங்கிவிட்டோம். நான் போலாரத்தில் ஒரு பள்ளியின் பௌதிக லேபில் உதவியாளர். வோல்ட்மீட்டரையும் அம்மீட்டரையும் எடுத்து வைப்பதும், உடைத்துவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் நிற்கும் பிள்ளையைக் கண்டுபிடிப்பதும் என் வேலை. இரண்டு பேரும் ஒரே வருடத்தில் ஓய்வு பெற்றோம்.

தினமும் காலையில் என்னைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டுத்தான் அவர் டூட்டிக்குப் போவார். நான் கேட்டுக்குள் நுழைந்ததும் ஒரே ஒரு ஹார்ன் அடிப்பார். திரும்பிப் பார்க்க மாட்டேன், கையை மட்டும் தூக்குவேன். வேறு கொஞ்சல் எங்களிடம் கிடையாது. வீட்டில் நாங்கள் அதிகம் பேசிக்கொள்கிறவர்களும் இல்லை. வண்டியில் ஏறினால்தான் பேச்சு வரும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டாம் என்பதாலோ என்னவோ. மகளை எந்தக் காலேஜில் சேர்ப்பது, மாமியாரின் ஆபரேஷனை இங்கே செய்வதா ஊரில் செய்வதா, எல்லாம் அந்தச் சாலையில்தான் முடிவாயிற்று. பாதி காற்றில் போய்விடும். "என்ன சொன்ன?" என்று அவர் கத்துவார். நான் மறுபடியும் கத்துவேன்.

ஓய்வு பெற்ற பிறகும் சனிக்கிழமையானால் ஏதோ ஒரு சாக்கு வைத்து இருவரும் கிளம்பிவிடுவோம். போன கோடையில் எனக்கு இடுப்பு வலி வந்தது. வண்டியில் குலுங்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். அவர் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் சீட்டைக் கழற்றிக்கொண்டு போய், பின்பக்கம் கெட்டியான புது ஃபோம் வைத்துத் தைத்துக்கொண்டு வந்தார். ஏறி உட்கார்ந்தேன். சுகமாகத்தான் இருந்தது. "பரவாயில்ல" என்றேன். அதற்கே அவருக்கு வாயெல்லாம் பல்.

ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. மல்காஜ்கிரி பாலத்தில் ஏறும்போது ஹார்ன் சளி பிடித்த ஆடு மாதிரி ஒலித்தது. இண்டிகேட்டர் மினுக்கவில்லை. நடுப்பாலத்தில் என்ஜின் இரண்டு முறை தும்மிவிட்டு நின்றுவிட்டது. பழைய வண்டி, பேட்டரியில் கரண்ட் இல்லையென்றால் அதற்கு உயிரே இல்லை. பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹார்ன் அடித்தார்கள், எங்களால்தான் அடிக்க முடியவில்லை. அவர் தள்ள, நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்க, ஒரு வழியாக இறக்கம் வந்து சேர்ந்தது.

மெக்கானிக் புது பேட்டரி போட்டார். அடுத்த சனிக்கிழமை நேரேட்மெட்டில் நின்றது. பேட்டரிக்குப் போகும் கரண்டைச் சரிப்படுத்துகிற ரெகுலேட்டரையும் மாற்றினார். அதற்கடுத்த சனிக்கிழமை எங்கள் ஸ்டேஷன் ரோட்டிலேயே நின்றது. ஆனால் இவர் மட்டும் வார நாட்களில் காய்கறிக்கும் பாங்கிற்கும் ஜம்மென்று போய் வந்துகொண்டிருந்தார். முப்பத்தைந்து வருடம் ரயிலுக்கே பேட்டரி பார்த்தவர் வீட்டு வண்டியைச் சரிசெய்ய முடியவில்லையே என்று நான் வாய்க்கு வந்தபடி கேலி செய்தேன். வழக்கமாக ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பித் தருகிறவர், அப்போதெல்லாம் பேசாமல் இருந்தார்.

ஒரு நாள் அரிசி மூட்டையைப் பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். எங்கே என்று கேட்டேன். "வண்டு விழுந்திருக்கு, மாத்திட்டு வரேன்" என்றார். ஒரு மணி நேரம் கழித்து அதே மூட்டையோடு திரும்பி வந்தார். கடை பூட்டியிருக்கிறதாம். அரிசியைக் கொட்டிப் பார்த்தேன், ஒரு வண்டுகூட இல்லை. வயதாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பாலத்துக் கதை மகள் காதுக்கு எட்டியதும் போனில் பிடித்துக்கொண்டாள். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிற பெண். "வத்தம்மா ஆ பண்டி, கேப் புக் சேஸ்தா" என்றாள். அந்த வண்டியே வேண்டாம், எங்கே போனாலும் டாக்ஸிக்கு அவளே ஏற்பாடு செய்துவிடுவாளாம். சொன்னதோடு நிற்கவில்லை. வண்டியைக் கொடுத்துவிட்டு ஒரு சின்ன எலக்ட்ரிக் ஸ்கூட்டர் எடுத்துக்கொள்வது என்று அப்பாவிடம் பேசி முடித்துவிட்டாள். திங்கட்கிழமை ஆள் வந்து எடுத்துப் போவார். என் வீட்டுக்காரரும் தலையாட்டினார்.

எனக்கு அழுகை வந்தது. ஸ்கூட்டர் அவர் மட்டும் கடைக்குப் போக. எனக்கு டாக்ஸி. டாக்ஸியில் அவர் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கிரிக்கெட் பேசுவார், நான் பின்னால் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு போவேன். நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதற்கு உலகத்தில் இருந்த ஒரே இடம் போய்விடும். இதை யாரிடம் சொல்வது?

சனிக்கிழமை காலை கடைசி முயற்சியாக மெக்கானிக்கிடம் போனோம். சீட்டைக் கழற்றி வைத்துவிட்டு, என்ஜினை முறுக்கி, மீட்டரை வைத்துப் பார்த்தார். பதினாலு வோல்ட்டுக்கு மேலேயே காட்டியது. பேட்டரி வயிறு நிறையச் சாப்பிடுகிறது என்று அர்த்தம்.

"சார்ஜிங் பராபர் ஹை, அம்மா. டென்ஷன் நக்கோ" என்றார். சார்ஜ் சரியாக ஏறுகிறதாம், கவலை வேண்டாமாம்.

"ஃபிர் காடி கைக்கு பந்த் ஹோரி?" என்று கேட்டேன். எல்லாம் சரியாக இருந்தால் ஏன் நிற்கிறது? மெக்கானிக் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இவர் ஸ்பேனரைப் பார்த்தார்.

வீடு வந்து சேர்வதற்குள் ஹார்ன் மறுபடியும் இளைத்துவிட்டது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. வாசலிலேயே நிறுத்தச் சொல்லி, அவருடைய மீட்டரைக் கொண்டுவந்தேன். லேபில் ஒரு பழக்கம் உண்டு. ரீடிங் தப்பாக வந்தால் கருவியைத் திட்டக்கூடாது, எந்த நிலையில் எடுத்தோமோ அதே நிலையில் மறுபடியும் எடுக்க வேண்டும். இந்த வண்டி நாங்கள் ஏறி ஓட்டும்போதுதான் நின்றது. ஆனால் மெக்கானிக் மீட்டர் வைத்துப் பார்த்ததெல்லாம் சீட்டில்லாமல், ஆளில்லாமல். பக்கவாட்டு மூடியைத் திறந்து பேட்டரியில் இரண்டு வயரையும் மாட்டி, மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டேன்.

"ஸ்டார்ட் பண்ணி முறுக்குங்க."

"எதுக்கு இப்ப? நாளைக்குப் பாக்கலாம்."

"முறுக்குங்கன்னா."

முறுக்கினார். பதினாலு புள்ளி ஒன்று. மீட்டரோடு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். கண்ணெதிரே பன்னிரண்டரைக்கு விழுந்தது. இறங்கினேன், பதினாலு. ஏறினேன், பன்னிரண்டு புள்ளி நாலு. பேட்டரிக்கு ஒரு பொட்டுக்கூடப் போகவில்லை. மூன்றாவது முறை ஏறாமல் நின்றுவிட்டேன். வண்டியில் கோளாறு இல்லை, கோளாறு நான்தான் என்று அந்த எண் சொன்னது. முகம் சுட்டது.

அவரைப் பார்த்தேன். என்ஜினை அணைத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

சாவியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

"எப்பலேர்ந்து?"

"ரெண்டாவது தடவ நின்னப்பவே சந்தேகம். நான் தனியாப் போனா நிக்கல."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "அந்த அரிசி மூட்ட?"

"இருபத்தஞ்சு கிலோ" என்றார். "அத வச்சு போலாரம் வரைக்கும் போய்ட்டு வந்தேன். ஒண்ணும் ஆகல. அதுக்கு மேல வெயிட்டுன்னா நம்ம வீட்ல..."

"நிறுத்துங்க."

நிறுத்தினார். அவர் பயத்துக்குக் காரணம் உண்டு. கல்யாணமான புதிதில் செகந்திராபாத் ஸ்டேஷனில், கலர் லைட் சுற்றும் எடை மெஷினில் ஏறினேன். அதிலிருந்து விழுந்த எடைச் சீட்டை இவர் எல்லாரும் கேட்கும்படி வாசித்தார். ஒரு வாரம் நான் பேசவில்லை. அதற்குப் பிறகு இன்றுவரை எந்த எடை மெஷினிலும் நான் ஏறியதில்லை, இவரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

"அதுக்காக வண்டியையே குடுத்துடுவீங்களா? ஏன் சொல்லல?"

"சொன்னா நீ ஏறமாட்ட." சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னார். "நீ ஏறாத வண்டிய வச்சு நான் என்ன பண்றது? போனா போவட்டும். உன்னாலதான் போச்சுன்னு மட்டும் ஆகக்கூடாது."

சத்தியமாக ஏறியிருக்க மாட்டேன். அது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சீட்டைக் கழட்டுங்க" என்றேன்.

கழற்றிக் கவிழ்த்துப் போட்டோம். சீட்டின் தகடு வண்டியின் சட்டத்தில் இடிக்காமல் இருக்க அடியில் நாலு மூலையிலும் ரப்பர் கட்டை இருக்க வேண்டும். பின்பக்கம் இரண்டும் இல்லை. புது ஃபோம் வைத்துத் தைத்தபோது எங்கேயோ தொலைந்திருக்கிறது. அதனால் நான் உட்கார்ந்ததும் தகடு இறங்கி, ரெகுலேட்டருக்குப் போகும் பிளக்கின் மேல் அமர்ந்திருக்கிறது. பிளக்கில் தகட்டின் விளிம்பு பதிந்த தடம் நன்றாகத் தெரிந்தது. அழுத்தினால் உள்ளே இருக்கும் பித்தளை முனை விட்டுப்போகும், எழுந்தால் ஒட்டிக்கொள்ளும். என் இடுப்புக்காக அவர் செய்துகொண்டுவந்த மெத்தைதான் மூன்று சனிக்கிழமையாக எங்களை நடுத்தெருவில் நிறுத்தியிருக்கிறது. இரண்டு பேரும் அந்தத் தடத்தையே பார்த்தோம். முதலில் சிரித்தது யார் என்பதில் இன்னும் தகராறு இருக்கிறது.

பித்தளை முனையை நெருக்கி, பிளக்கை ஓரமாக ஒதுக்கிக் கட்டினார். பழைய செருப்பை வெட்டி இரண்டு கட்டை செய்து, தகட்டின் அடியில் திருகினார். நான் ஏறினேன். பதினாலு புள்ளி இரண்டு.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை போலாரம் போனோம். மீட்டர் என் மடியில் இருந்தது, வயர் முந்தானைக்கு அடியில். தேவையே இல்லை, ஆனாலும் ஒவ்வொரு சிக்னல் தாண்டியதும் எண்ணைச் சொல்லிக்கொண்டே போனேன்.

"பதினாலு புள்ளி ஒண்ணு!"

"என்ன சொன்ன?"

"பதினாலு புள்ளி ஒண்ணு!"

மகளிடம் என்ன சொல்வது என்று பேசினோம். திங்கட்கிழமை வருகிற ஆளுக்கு நானே போன் செய்கிறேன் என்றேன். அவர் சரி என்றார். ராணுவத்துக்காரர்களின் பழைய பங்களாக்களும் மரங்களும் அப்படியே இருந்தன. அந்த நிழலில் நுழைந்ததும் எனக்கு முப்பது வயது போலத்தான் இருந்தது.

பள்ளி வாசலில் வண்டியை நிறுத்தினார். நான் மீட்டரைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, கையில் பை இருக்கிற நினைப்போடு இறங்கி நடந்தேன். பின்னால் ஒரே ஒரு ஹார்ன், முழுத் தொண்டையில். நான் திரும்பிப் பார்க்காமல் கையைத் தூக்கினேன். கேட் பூட்டியிருந்தது. ஓய்வு பெற்றது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. திரும்பினேன். என்னை ஏற்றிக்கொள்ள, இந்த முறை அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.